காலை விமானத்துக்கு முந்தைய ராத்திரி: மீனம்பாக்கத்தில் ரூமா, கடலூரிலிருந்து நள்ளிரவுக் காரா?

போன வாரம் எதிர்வீட்டு அக்கா டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா, எழுபது தாண்டிய அவருடைய அம்மா, கல்லூரி முடித்த பையன் என்று மூன்று பேர், சிங்கப்பூருக்கு, சென்னையிலிருந்து காலை 7:15 விமானம். "தம்பி, ஏர்போர்ட் பக்கத்துல நல்ல ஓட்டலா பார்த்து ரூம் போட்டுடலாமா, இல்ல எப்பவும்போல ராத்திரியே கார்ல கிளம்பிடலாமா?" எங்கள் கடலூரில் செம்மண்டலத்திலும் மஞ்சக்குப்பத்திலும் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. புதுச்சேரிக்காரர்களுக்கும் இதே கதைதான், அவர்கள் 25 கிலோமீட்டர் கிட்டே இருக்கிறார்கள், பிரான்ஸ் போகிறவர்கள் அதிகம் என்பதால் பெட்டிகள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கார், பஸ், ரயில், பெரிய ஓட்டல், லாட்ஜ், சொந்தக்காரர் வீடு என்று எல்லா வழியிலும் நான் போய்ப் பார்த்துவிட்டேன். சிலவற்றில் நன்றாகத் தூங்கினேன், சிலவற்றில் நன்றாகப் பட்டேன்.

## முதலில் எதைப் பார்ப்பது

எல்லோரும் ரூம் வாடகையில் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்கவேண்டியது, நீங்கள் விமான நிலைய வாசலில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்பது. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் மூடிவிடுவார்கள். வெளிநாடு என்றால் 60 முதல் 75 நிமிடம், ஆனால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள், இமிகிரேஷன் வரிசையைப் பார்த்தால் அது நியாயம் என்று தெரியும். செல்போனிலேயே போர்டிங் பாஸ் எடுத்துவிட்டாலும், பெட்டி போடவேண்டும் என்றால் இந்தக் கணக்கு மாறாது.

கடலூரிலிருந்து திண்டிவனம் வழியாக விமான நிலையம் சுமார் 170 கிலோமீட்டர். ஒரு டீ, ஒருமுறை இறங்கி ஏறுவது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் வையுங்கள். அக்காவின் 7:15-க்கு 4:15-க்கு வாசலில் இருக்கவேண்டும், அப்படியென்றால் 12:15-க்கு வீட்டைப் பூட்டவேண்டும், அப்படியென்றால் 11 மணிக்கே எல்லோரும் எழுந்தாக வேண்டும். அதாவது யாரும் தூங்கப்போவதில்லை.

இதே கணக்கை இரவு 1:30 விமானத்துக்குப் போட்டால் மாலை 6 மணிக்குக் கிளம்பினால் போதும். காலை 11 மணி உள்நாட்டு விமானத்துக்கு விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பலாம். இந்த இரண்டுக்கும் ரூம் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. வாசலில் நிற்கவேண்டிய நேரம் அதிகாலை 3-லிருந்து 7-க்குள் விழுந்தால்தான் ரூமைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

அப்புறம் மூன்று விஷயம். ஒன்று, கூட வருபவர்களில் வயதானவரோ கைக்குழந்தையோ உண்டா. இரண்டு, வண்டியை ஓட்டப்போகிறவர் அன்று பகலில் தூங்கினாரா. மூன்று, விமானத்தைத் தவறவிட்டால் எவ்வளவு போகும். பெங்களூருக்குப் போகிற ஒற்றை டிக்கெட்டும் மூன்று பேருக்கான சிங்கப்பூர் டிக்கெட்டும் ஒன்றல்ல. மாதத்தையும் பாருங்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

## நள்ளிரவுக் கார்

நம் ஊர்ப் பழக்கம் இதுதான். வீட்டு வாசலில் ஏறி, புறப்பாட்டு வாசலில் இறங்கலாம். பெட்டியை நடுவில் எங்கும் தூக்கவேண்டாம். நான்கு பேர் என்றால் தலைக்கு ஆகும் செலவும் குறைவு. போகும்போது மட்டும் வாடகை வாங்கும் 'ஒன்வே' வண்டி கிடைத்தால், கடந்த முறை டோலோடு சேர்த்து எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று இடத்தில் டோல். வண்டி பேசும்போது டோல், டிரைவர் பேட்டா, விமான நிலைய பார்க்கிங் எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்ண்ணே" என்றால் வெளியே என்று அர்த்தம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு தூக்கம். உங்கள் தூக்கம் போனால் விமானத்தில் பிடித்துக்கொள்ளலாம், டிரைவர் தூக்கம் அப்படியில்லை. ஒருமுறை திண்டிவனம் தாண்டியதும் எங்கள் டிரைவர் ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்ததில், காலையிலிருந்து வேலூருக்கு ஒரு சவாரி போய்வந்து இரண்டு மணி நேரம்தான் படுத்தாராம். மேல்மருவத்தூரில் நிறுத்தச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, அவரை அரை மணி நேரம் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்து, நான் கொசுவோடு வெளியே நின்றேன். கவுன்ட்டர் மூட பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அதிலிருந்து வண்டி பேசும்போது முதல் கேள்வி "பகல்ல சவாரி இருக்கா?" என்பதுதான். சொந்தக் கார் என்றால் இன்னும் மோசம், உங்களை இறக்கிவிட்டு மைத்துனரோ மகனோ தனியாக 170 கிலோமீட்டர் திரும்ப ஓட்டி வரவேண்டும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நள்ளிரவில் சாலை காலியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஞாயிறு ராத்திரி, பொங்கல் தீபாவளி முடிந்து சென்னை திரும்பும் நாட்களில் பரனூரிலிருந்து பெருங்களத்தூர் வரை நகரவே நகராது. மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைக் கூட்டம் ராத்திரியிலும் சாலையைக் கடந்துகொண்டுதான் இருக்கும்.

கார் யாருக்குச் சரி: மாலை, இரவு, நடுப்பகல் விமானக்காரர்கள் எல்லோருக்கும். அதிகாலை விமானம் என்றால், பகலில் தூங்கின டிரைவர் கிடைத்து, நால்வராகப் போகிறவர்களுக்கு.

## பெரிய பிராண்டு ஓட்டல்

இதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மெத்தையை அல்ல, முந்தின மாலையே தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டோம் என்ற நிம்மதியை. டயர் பஞ்சர், டோல் வரிசை, மழை எல்லாம் பின்னால் போய்விடும், மிச்சம் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்.

ஆனால் 'விமான நிலையம் அருகில்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். மீனம்பாக்கத்தில் ட்ரைடன்ட்டும் பரங்கிமலையில் ரேடிசன் ப்ளூவும் ஜிஎஸ்டி சாலையிலேயே (நாம் திண்டிவனத்திலிருந்து வரும் அதே நெடுஞ்சாலை) இருக்கின்றன, அவை உண்மையிலேயே பக்கம். கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், மணப்பாக்கம் எல்லாமும் அதே பட்டியலில் வரும், வேளச்சேரிகூட வரும். வரைபடத்தில் நேர்க்கோடு பார்க்காமல், அதிகாலையில் சாலை வழியாக எத்தனை நிமிடம், எங்கே போய் யூ-டர்ன் எடுக்கவேண்டும் என்று பாருங்கள். கிண்டியில் தங்கினால் மெட்ரோ இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, ஆலந்தூர் வழியாக நேராக விமான நிலையத்துக்கே வரும், ஆனால் 4:15-க்கு வாசலில் நிற்கவேண்டியவருக்கு அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது.

வாடகை நாளுக்கு நாள் மாறும், நான் பார்த்தவரை ஐந்தாயிரத்துப் பக்கம் ஆரம்பித்துப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். முதலில் காட்டும் தொகையில் வரி பெரும்பாலும் இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரி. 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770. 7,600 ரூபாய் ரூம் 8,968. வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் கிட்டத்தட்ட 1,200. காலை உணவோடு சேர்த்து 7,600 என்று ஒன்றும், உணவில்லாமல் 7,400-க்குக் கீழே இன்னொன்றும் காட்டினால் இரண்டாவதை எடுங்கள். ஏனென்றால் அந்த இட்லியை நீங்கள் சாப்பிடப்போவதில்லை. காலைச் சாப்பாடு பொதுவாக 6:30, 7 மணிக்குத்தான் வைப்பார்கள், நீங்கள் 4 மணிக்கே கிளம்பிவிடுவீர்கள். உணவோடுதான் ரூம் கிடைத்தது என்றால் ராத்திரியே வரவேற்பறையில் சொல்லிவைத்துப் பார்சல் கட்டித் தரச் சொல்லலாம், பல இடங்களில் தருவார்கள்.

மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் என்றால் தனிக் காசு. விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் வண்டி சில இடத்தில் இலவசம், சில இடத்தில் காசு, சில இடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். போன் செய்து கேளுங்கள், "ஏர்போர்ட் டிராப் உண்டு" என்ற ஒரு வரியை நம்பாதீர்கள். பில்லை ராத்திரியே கட்டிவிடுங்கள், அதிகாலை 3:45-க்கு வரவேற்பறையில் ஒருவர்தான் இருப்பார், உங்களுக்கு முன்னால் ஒரு விமான ஊழியர் கூட்டம் நிற்கும்.

அடையாள அட்டை பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் கவனிக்கவேண்டியது: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் ஓட்டல் அதற்கான படிவம் போட்டு அரசுக்குத் தெரிவிக்கவேண்டும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, ரூம் எடுத்தால் நள்ளிரவுக் கார் தேவையில்லை என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள், ரூம் வாடகையைக் கார் வாடகைக்கு மேல் ஏற்றிக் கூட்டிவிட்டு அம்மாடி என்கிறார்கள். முந்தின நாள் அவசரமில்லை என்பதால் மதியம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மாலையில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் நான்காவது ஸ்டேஷன் திரிசூலம், விமான நிலையத்துக்கு எதிரிலேயே. சுமை குறைவான இருவருக்கு இது கார் வாடகையில் சின்னப் பங்குதான். மூன்று பெரிய பெட்டியும் ஒரு பாட்டியும் என்றால் இந்த வழி ஆகாது, பகல் காரே எடுங்கள்.

இந்த ஓட்டல் யாருக்குச் சரி: அதிகாலை வெளிநாட்டு விமானம், வயதானவர், விலை உயர்ந்த டிக்கெட், இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால்.

## திரிசூலம், பல்லாவரம் லாட்ஜ்

ஆயிரத்தைநூறு, இரண்டாயிரத்துக்குள் முடியும். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு இதுவே போதும், திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் என்றால் சுரங்கப்பாதை வழியாக நடந்தே விமான நிலையம் போய்விடலாம். சத்தம் இருக்கும். ஒருபக்கம் மின்சார ரயில், மேலே விமானம்.

என் அனுபவம் ஒன்று. செயலியில் பணம் கட்டி உறுதியாகிவிட்ட ரூமுக்கு ராத்திரி 10:30-க்குப் போய் நின்றால், "அந்த புக்கிங் எங்களுக்கு வரல சார்" என்றார்கள். பணம் நான்கு நாளில் திரும்ப வந்தது, அந்த ராத்திரி திரும்ப வரவில்லை. இப்போதெல்லாம் மாலை 5 மணிக்கே லாட்ஜுக்கு நேரடியாகப் போன் செய்து பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். ரூம் நன்றாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் ராத்திரி 11 மணிக்குப் பாட்டியோடு எங்கே போவது?

## பஸ், ரயில், அப்புறம் நாற்காலி

இருப்பதிலேயே மலிவு. திண்டிவனம் வழியாக வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து நமக்கு இது ஒரு புதுத் தலைவலி. முன்பு கோயம்பேடு போகும் பஸ்ஸில் ஏறி விமான நிலைய வாசலிலேயே இறங்கிக்கொண்டிருந்தோம். இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்கி இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல் மாநகரப் பஸ்ஸோ ஆட்டோவோ பார்க்கவேண்டும், அதிகாலையில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

ரயிலில் உழவன் எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டித் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து, விடிவதற்குள் தாம்பரம் சேர்த்துவிடும். காலை 9 மணி விமானத்துக்கு அருமை. 7:15-க்கு வேண்டாம், ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் கதை முடிந்தது.

முந்தின ராத்திரியே போய் விமான நிலையத்தில் உட்கார்ந்துவிடலாமே என்பவர்களுக்கு: போகலாம், நானும் செய்திருக்கிறேன், இருபத்தைந்து வயதில். ரொம்ப முன்னதாகப் போனால் வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் உள்ளே விடாமல் பிறகு வரச் சொல்லலாம். வெளியே கொசு, உள்ளே ஏசி குளிர். பெட்டியைக் காலில் கட்டிக்கொண்டு தூங்கவேண்டும்.

## சித்தி வீடு

குரோம்பேட்டையிலோ நங்கநல்லூரிலோ சித்தி இல்லாத கடலூர்க்காரர் உண்டா? காசில்லாத வழி இது என்பார்கள். இரண்டு கிலோ பழம், நெல்லிக்குப்பம் கடையில் ஸ்வீட், குழந்தைக்கு ஏதாவது. ராத்திரி 11 வரை பேச்சு, "இவ்ளோ தூரம் வந்துட்டு சாப்பிடாம போறியா?" என்று நான்காவது தோசை. நீங்கள் 3 மணிக்கு எழுந்தால் போதும் என்றாலும் சித்தி 2:30-க்கே எழுந்து இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார், அதற்காகவே எனக்குக் கூச்சமாக இருக்கும். சித்தப்பாவுக்கு முடியாத வீடு என்றால் போகாதீர்கள். மற்றபடி, பாசமான வீடு ஒன்று இருந்து, நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர் என்றால், எந்த ஓட்டலும் இதற்குக் கிட்டே வராது. ஆனால் மாதாமாதம் போகிறவர் ரூமைப் போட்டுக்கொள்வதுதான் உறவுக்கு நல்லது.

## லாஸ்பேட்டையை மறக்காதீர்கள்

2024 டிசம்பரில் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி விமானம் தொடங்கினார்கள். கடலூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. வெளிநாடு போக பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ மாறிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கவேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நஷ்டம் உங்களுடையது.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குச் சரி | கணக்கில் வராத செலவு |
|---|---|---|
| கார் | மாலை, இரவு, நடுப்பகல் விமானம். நான்கு பேர் | டிரைவர் தூக்கம், பேட்டா, திரும்பும் வண்டி |
| பிராண்டு ஓட்டல் | 3 முதல் 7 மணிக்குள் வாசலில் நிற்கவேண்டியவர், வயதானவர் | வரி, கூடுதல் கட்டில், சாப்பிடாத காலை உணவு |
| லாட்ஜ் | தனி ஆள், சின்னப் பெட்டி | ரூம் இல்லை என்று சொல்லும் ராத்திரி |
| பஸ், ரயில் | காலை 9-க்குப் பிந்தைய விமானம் | கிளாம்பாக்கத்திலிருந்து ஆட்டோ |
| சித்தி வீடு | எப்போதாவது போகிறவர் | நான்காவது தோசை |

## மழை மாதமும் தேதிக் குழப்பமும்

ஐப்பசி, கார்த்திகையில் ரூம் போட்டால் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் மட்டும் போடுங்கள், ஐந்நூறு கூடினாலும் பரவாயில்லை. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் சென்னை விமான ஓடுபாதையே தண்ணீரில் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் நம் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது சென்னை விமான நிலையத்தை மூடினார்கள், அடுத்த நாட்களில் விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களை நிறுத்தினார்கள். அந்த மாதிரி நேரத்தில் விமானமும் கிடையாது, ரூமுக்குப் போகவும் முடியாது, திருப்பித் தராத கட்டணம் என்றால் காசும் போச்சு. போகிப் பண்டிகைக் காலையிலும் புகையால் விமானங்கள் தாமதமாவது உண்டு, அன்றைக்கு 4 மணிக்கு அலாரம் அடித்ததும் முதலில் விமானம் நேரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், மறுபடி படுக்கலாம்.

திரும்பி வரும்போதுதான் ரூம் இன்னும் அதிகமாக உதவும் என்பேன், பத்து மணி நேரம் பறந்துவிட்டு நள்ளிரவில் இறங்குகிறவர் உடனே காரில் நான்கு மணி நேரம் உட்காருவது கொடுமை. ஆனால் தேதி விஷயத்தில் நான் பட்டது நீங்கள் படவேண்டாம். மச்சான் தோஹாவிலிருந்து 15-ஆம் தேதி அதிகாலை 2:15-க்கு இறங்கினார். 15-ஆம் தேதிக்கே ரூம் போட்டுவிட்டு, புத்திசாலித்தனமாக ஓட்டலுக்கு அழைத்துப்போனேன். ஓட்டல் கணக்கில் 15 என்பது அன்று மதியம் 2 மணிக்குத்தான் பிறக்கிறது. தப்பு என்னுடையது, 14-ஆம் தேதிக்குப் போட்டிருக்கவேண்டும். அவர்கள் சோபாவில் உட்காரவிட்டார்கள், காபியும் கொடுத்தார்கள், மச்சான் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். நள்ளிரவு 12-லிருந்து விடியும்வரை இறங்குகிறவர்கள் முந்தைய நாள் தேதிக்குத்தான் ரூம் போடவேண்டும்.

அக்காவுக்கு நான் சொன்னது: வயதான அம்மா, வெளிநாடு, அதிகாலை. ரூமைப் போடுங்கள், முந்தின நாள் சாயங்காலம் காரில் போங்கள், ராத்திரிச் சாப்பாட்டைச் செங்கல்பட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், பில்லை ராத்திரியே கட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் அப்படியே செய்தார். ராத்திரி 9 மணிக்குப் போன். "தம்பி, மூணு பேருக்கு ரெண்டு துண்டுதான் வெச்சிருக்காங்க, கேட்டா காசு போடுவாங்களா?" போடமாட்டார்கள் அக்கா, வரவேற்பறைக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.